முன்ஜாமீனும் குடும்பப் பஞ்சாயத்தும்

வரதட்சணைக் கொடுமை வழக்குகளின் முதல் தகவல் அறிக்கைகளில் நாலைந்தை எடுத்து அடுக்கிப் பார்த்தால், எதிரிகளின் பட்டியல் ஏறக்குறைய ஒரே வரிசையில் இருக்கும். ஏ-1 கணவர், ஏ-2 மாமியார், ஏ-3 மாமனார், ஏ-4 நாத்தனார். சில வழக்குகளில் வெளியூரில் வேலை பார்க்கும் நாத்தனாரின் கணவரும் ஏ-5 ஆக வந்து நிற்பார். சட்டப் பிரிவுகளும் அப்படித்தான்: இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 498ஏ, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, கூடவே வரதட்சணைத் தடைச் சட்டம், தமிழ்நாட்டில் பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டத்தின் 4. எல்லாரும் சேர்ந்து ஒரே முன்ஜாமீன் மனு போடுவார்கள். அரசு வழக்கறிஞர் ஆட்சேபிப்பார். சில நிமிடங்களில் உத்தரவு வந்துவிடும்: இரண்டு ஜாமீன்தாரர்கள், தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து, சாட்சிகளைக் கலைக்கக் கூடாது.

புகார் கொடுத்த பெண் இன்றிரவு எங்கே தங்குவார், அங்கே அவருக்கு ஆபத்து உண்டா என்ற கேள்வி இந்த உத்தரவுகளில் பெரும்பாலும் இருக்காது. நம் ஜாமீன் நடைமுறையின் பெரிய குறை அதுதான் என்பது என் கருத்து. ஜாமீன் எளிதாகக் கிடைக்கிறது என்று ஒரு தரப்பும், கைது எளிதாக நடக்கிறது என்று மறு தரப்பும் சண்டை போடுகின்றன. இரண்டு புகாரிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே அந்தக் கேள்வியைத் தொடுவதில்லை.

முதலில் இந்த நடைமுறையின் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். 498ஏ 1983-ல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதிகபட்ச தண்டனை மூன்றாண்டுதான். ஆனாலும் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீனில் விட முடியாத குற்றம், சமரசம் செய்துகொள்ளவும் முடியாது. அன்றைய சூழலில் அப்படி ஒரு கடுமை தேவைப்பட்டது. ஆனால் காவல்துறையின் கையில் அது வேறொன்றாக மாறியது. வெள்ளிக்கிழமை மாலைக் கைது வழக்கறிஞர்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி: சனி, ஞாயிறு வழக்கமான நீதிமன்றம் இல்லை, திங்கட்கிழமைக்குள் குடும்பம் பேரத்துக்கு இறங்கிவிடும். 2012-ல் மட்டும் இந்தப் பிரிவில் 1,97,762 பேர் கைதானார்கள். அவர்களில் 47,951 பேர் பெண்கள். ஏறக்குறைய நாலில் ஒருவர் மாமியாரோ நாத்தனாரோதான்.

இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லித்தான் உச்ச நீதிமன்றம் 2014 ஜூலை 2-ல் அர்னேஷ் குமார் வழக்கில் கடிவாளம் போட்டது. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது ஏன் தேவை என்று போலீசார் எழுத்தில் காரணம் காட்ட வேண்டும். காரணம் இல்லையென்றால் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் கண்ணை மூடிக்கொண்டு ரிமாண்ட் செய்யக் கூடாது. மீறும் அதிகாரி மீது துறை நடவடிக்கையும் நீதிமன்ற அவமதிப்பும் பாயும். எழுபது வயது மாமனாரைப் பார்த்து, ‘இவர் ஓடிவிடுவாரா, எதை அழிப்பார்?’ என்று கேட்க வைத்த தீர்ப்பு அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அதே தீர்ப்பில் இருந்த இன்னொரு எண் தனியாகக் கிளம்பி ஊர் சுற்றுகிறது. குற்றப்பத்திரிகை தாக்கல் 93.6 சதவீதம், தண்டனை 15 சதவீதம். ‘பாருங்கள், 85 சதவீதம் பொய் வழக்கு’ என்று இதை மேடையிலும் தொலைக்காட்சியிலும் சொல்கிறார்கள். ஜாமீன் மனுக்களிலும் எழுதுகிறார்கள். இது தவறான கணக்கு. விடுதலையான வழக்கு வேறு, பொய் வழக்கு வேறு. சட்டப்படி சமரசம் செய்ய முடியாத குற்றம் என்பதால், பேசி முடித்த குடும்பங்களுக்கு இரண்டே வழி: உயர் நீதிமன்றம் சென்று வழக்கை ரத்து செய்வது, அல்லது பெண்ணே கூண்டில் ஏறிப் பிறழ் சாட்சியாவது. ரத்துக்கு 2003-லேயே உச்ச நீதிமன்றம் வழி திறந்துவிட்டது என்றாலும், கீழ்க் கோர்ட்டில் பிறழ் சாட்சி சொல்வதுதான் செலவு குறைந்த வழி. அப்படி முடிந்த வழக்கெல்லாம் புள்ளிவிவரத்தில் விடுதலையாகவே ஏறும். பேரம் எங்கே தொடங்குகிறது? பெரும்பாலும் ஜாமீன் மனு விசாரணையில்தான். அங்கே நடக்கும் பேரம் தண்டனை விகிதத்தைக் குறைக்கிறது. குறைந்த தண்டனை விகிதத்தைக் காட்டி அடுத்த ஜாமீன் மனுவில் வழக்கே பொய் என்று வாதாடுகிறார்கள்.

அந்தப் பேரத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நகையைத் திருப்பிக் கொடுத்தால் முன்ஜாமீனுக்கு ஆட்சேபம் இல்லை என்று பெண் வீட்டார் தரப்பில் சொல்வார்கள். ஒரு தொகையை டெபாசிட் செய்யச் சொல்வார்கள். ‘இருவரும் பேசிப் பாருங்கள்’ என்று மத்தியஸ்த மையத்துக்கு அனுப்பி, அதுவரை கைது கூடாது என்பார்கள். சில நீதிமன்றங்கள் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கின்றன. டெல்லி வழக்கு ஒன்றில் முன்ஜாமீனுக்கு நிபந்தனையாக மனைவி, குழந்தைக்கு மாதம் 12,500 ரூபாய் ஜீவனாம்சம் தரச் சொன்னார்கள். 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பாட்னா உயர் நீதிமன்றம், மனைவியின் எல்லாத் தேவைகளையும் நிறைவேற்றுவதாகக் கணவர் பிரமாணப் பத்திரம் தர வேண்டும் என்றது. 2024 ஆகஸ்டில் அதுவும் நடைமுறைக்கு ஒவ்வாதது என்று தள்ளப்பட்டது. ஜார்க்கண்டில், மனைவியோடு மீண்டும் குடித்தனம் நடத்த வேண்டும் என்ற நிபந்தனை. 2025-ல் உச்ச நீதிமன்றம் அதையும் நீக்கியது. பதினாறு ஆண்டுகளாக மேலே திருத்திக்கொண்டே இருக்கிறார்கள், கீழே அதையே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றிலும் உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டது கணவரின் சுதந்திரத்தைக் காப்பதற்காக. சரிதான். ஆனால் மூன்றாவது நிபந்தனையைப் பெண்ணின் பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். அடித்தார் என்று புகார் கொடுத்தவரை, அடித்ததாகச் சொல்லப்படுபவர் ஜாமீனுக்காகக் கட்டாயம் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்! பாலியல் குற்ற வழக்குகளில் இப்படிப்பட்ட சமரச நிபந்தனைகள் கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொன்னது. புகார்தாரரோடு தொடர்பு கொள்ளாதபடி பாதுகாப்பு நிபந்தனை வேண்டும் என்றும் சொன்னது. கணவன் கொடுமை வழக்குக்கு அந்த அக்கறை ஏன் வரவில்லை? இது ‘குடும்ப விஷயம்’ என்ற பழைய எண்ணத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த எண்ணம் இப்போது நடைமுறையாகவே ஆகிவிட்டது. குடும்ப நலக் குழுக்களை 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஓர் அமர்வு கொண்டுவந்தது. 2018-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அவற்றை நீக்கியது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2022-ல் அதே யோசனையை வேறு வடிவில் வகுக்க, 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்கு ஒப்புதல் தந்தது. அதன்படி வழக்குப் பதிவான பின் இரண்டு மாத ஆறப்போடும் காலம். அதுவரை கைது இல்லை. குழு இரு தரப்பையும் அழைத்துப் பேசும். கொலை முயற்சி போன்ற கடும் குற்றங்கள் இதில் வராது என்றாலும், கன்னத்தில் அறை, சாப்பாடு மறுப்பு, நள்ளிரவில் வீட்டை விட்டுத் துரத்தல் எல்லாம் வரும். ஒரு பெண் போலீஸ் படியேறிய பிறகான முதல் வாரங்களில்தான் அந்த வீட்டில் கோபம் உச்சத்தில் இருக்கும். அந்தக் காலத்தை ‘ஆறப்போடும் காலம்’ என்று அழைக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

எல்லாரும் ஓடிவந்து புகார் கொடுக்கிறார்கள் என்பதும் கற்பனை. ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வில், திருமணமான பெண்களில் சுமார் 29 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 சதவீதம்தான். அந்தச் சிறு பகுதியிலும் போலீஸுக்கு வருபவர் மிகச் சிலர். அவர்களுக்கும் நம் ஊரில் முதலில் கிடைப்பது புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும், ‘பேசி முடிச்சுக்கலாம்மா’ என்ற ஆலோசனையும்.

எதிரிகளிடையே வித்தியாசம் பார்த்து ஜாமீன் உத்தரவிட முடியாதா என்றால், முடியும். உத்தரப் பிரதேச வரதட்சணை மரண வழக்கு ஒன்றில், 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாமனார், மாமியார் ஜாமீனை ரத்து செய்து, நாத்தனார்களின் ஜாமீனை அப்படியே விட்டது. ஒவ்வொருவரும் என்ன செய்ததாகச் சொல்லப்படுகிறது என்று தனித்தனியாகப் பார்த்ததன் விளைவு அது. மரணத்துக்குப் பிறகு காட்டப்படும் இந்தக் கவனத்தை, பெண் உயிரோடு இருக்கும்போதே 85-ஆம் பிரிவு வழக்கில் காட்டினால் என்ன? வெளியூரில் இருக்கும் ஏ-5க்கும், கழுத்தை நெரித்ததாகச் சொல்லப்படும் ஏ-1க்கும் ஒரே 10.30 மணிக் கையெழுத்து எதற்கு?

பணத்துக்கும் நகைக்கும் வேறு கதவு இருக்கிறது. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் வசிப்பிட உத்தரவு, பாதுகாப்பு உத்தரவு, பண நிவாரணம் எல்லாம் உண்டு. முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் மனுவை முடிக்க முயல வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. அது இழுத்தடிக்கப்படுவதால்தான் ஜாமீன் நீதிமன்றம் ஜீவனாம்ச நீதிமன்றமாக மாறுகிறது. அந்தச் சட்டம் ஒழுங்காக ஓடினால் ஜாமீன் விசாரணையில் பேரம் பேசப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

புதிதாகச் சட்டம் வேண்டியதில்லை. முன்ஜாமீனில் நிபந்தனை விதிக்கும் அதிகாரம் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 482(2)-இல் ஏற்கெனவே இருக்கிறது. பெண் வசிக்கும் வீட்டுப் பக்கம் போகக் கூடாது, போன் செய்யக் கூடாது, உறவினரை விட்டு மிரட்டக் கூடாது என்று ஏ-1க்கு மட்டும் எழுத இரண்டு வரி போதும். ஆனால் நீதிபதி எழுத வேண்டுமானால், அவர் முன் அதற்கான காகிதம் இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு வழக்கின் எல்லாக் கட்டத்திலும் பேச உரிமை உண்டு என்று 2022-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எனவே பெண்கள் தரப்பில் ஆஜராகும் வழக்கறிஞர்களிடம் ஒரு வேண்டுகோள்: இடையீட்டு மனுவில் நகைப் பட்டியலை இணைப்பதற்கு முன்னால், அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு (ஏ.ஆர்.) காப்பியையும், பழைய சி.எஸ்.ஆர். ரசீதுகளையும், உங்கள் கட்சிக்காரர் இப்போது எங்கே, யாரோடு தங்கியிருக்கிறார் என்பதையும் இணையுங்கள்.