குறுந்தொகை மூன்றாம் பாட்டு: யாப்பும் உணர்வும்

தேவகுலத்தார் பாடிய குறுந்தொகை மூன்றாம் பாட்டு நான்கே அடிகளால் இயன்றது. காதலின் பெருமையைப் போற்றும் பாட்டு என்ற அளவிலேயே அது பெரிதும் எடுத்தாளப்படுகிறது. துறைக்குறிப்போ வேறு சூழலைக் காட்டுகிறது. தலைவன் சிறைப்புறத்தான், தோழி அவன் இயல்பைப் பழிக்கிறாள், தலைவி அதனை மறுத்துப் பேசுகிறாள். எனவே இதனைத் தனிமையில் எழுந்த வியப்பாகக் கொள்வதினும் மறுமொழியாகக் கொள்வதே பொருந்தும்.

நிலம், வான், நீர் என்னும் மூன்று ஒப்பீடுகளும் முதல் இரண்டடிக்குள் அடங்குகின்றன. முதலிரண்டும் மிகுதியைக் கூற, மூன்றாவது அளத்தற்கருமையைக் கூறுகிறது. (வானைப் பற்றிய 'உயர்ந்தன்று' என்பதை இன்று பயில்வோர் எதிர்மறையாக மயங்குவதுண்டு, அஃது உடன்பாட்டு வினையே.) இவற்றினும் பெரியது யாது என்பதோ இன்னும் கூறப்படவில்லை. எழுவாயாகிய 'நட்பு' பாட்டின் இறுதிச் சீராகவே வருகிறது. அதுவரை கேட்போர் காத்திருக்க வேண்டும், சிறைப்புறத்தானும் காத்திருக்கிறான்.

ஒப்பீடுகள் முடிந்த பின்னும் இரண்டாம் அடியில் ஒரு சீர் எஞ்சுகிறது. அதில் நிற்கும் 'சாரல்' பொருளால் அடுத்த அடிக்குரியது. ஆகவே அடி முடியுமுன்னரே பார்வை மலைக்கு இறங்கிவிடுகிறது. அடுத்த அடி முச்சீரடி. ஈற்றயலடி இவ்வாறு குறுகுதல் நேரிசை ஆசிரியப்பாவின் பொதுவிலக்கணம். தொல்காப்பியச் செய்யுளியலும் இதனைச் சுட்டும். ஆதலின் அடி குறுகியதனால் உணர்வு நெகிழ்ந்தது என்று கூறுதல் மிகையுரை. குறுகிய அவ்வடியில் எதனை வைத்தார் என்பதிலேயே புலவர் திறம் புலப்படுகிறது. வானையும் கடலையும் ஒப்பிட்ட பாட்டு, அங்கே கரிய கொம்பிற் பூத்த குறிஞ்சிப் பூவுக்கு வந்து சேர்கிறது. நிலமும் வானும் நீரும் இயல்பாகவே பெரியன. தேனடையோ சிறு பூக்களிலிருந்து சிறிது சிறிதாகச் சேர்ந்து பெரிதாவது. தோழியின் பழிப்புக்கு உண்மையான விடை இதுவே என்பது என் கருத்து. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை பூப்பது என்னும் செய்தியை இங்கே ஏற்றிப் பொருள் காண்பதற்குப் பாட்டில் இடமில்லை.

தொடையும் இப்பகுப்போடு ஒத்துச் செல்கிறது. முதலிரண்டு அடிகளை மோனை இணைக்கிறது. பின்னிரண்டு அடிகளை எதுகை இணைக்கிறது. ஈற்றடியின் கடைசி இரு சீர்களும் தம்முள் மோனை கொள்கின்றன. அவற்றுள் முன்னது நாடனையும் பின்னது நட்பையும் குறிக்கும். தோழி பிரித்துப் பழித்த இரண்டும் அங்கே ஓரோசையில் அடுத்தடுத்து நிற்கின்றன.