பழுது பார்க்கும் பாத்தியதை

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், செஞ்சிக் கோட்டையின் நிழலில் மணிலா மூட்டை ஏற்றிய வண்டியொன்று பழுதுற்று நின்றால், சொந்தக்காரருக்கு முதலில் உதவுகிறவர் சாலையோரத்து மெக்கானிக்கே. அவருக்குச் சட்டத்தின் துணை எவ்வளவு இருக்கிறது என்பதை இந்தியாவிலும் இலங்கையிலும் ஒப்புநோக்குவது அவசியமாகிறது.

இந்தியாவில் வாகன உற்பத்தியாளர் உள்நாட்டிலேயே இருப்பதால், வழக்கு அவர்மீதே எழுந்தது. 2011-இல் நுகர்வோர் ஒருவர் கொடுத்த புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், உதிரிப்பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தது அநியாயமென்று தீர்மானித்து, 2014 ஆகஸ்டு 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு ஏறக்குறைய 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் பழுது பார்த்ததையே காரணமாக்கி உத்தரவாதத்தை ரத்து செய்யலாகாதென்றும் கட்டளையிட்டது. அத்தீர்ப்பு மேல்முறையீடுகளில் சிக்கியது. 2022-இல் மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்து, ஆண்டிறுதியில் இணையதளமும் திறந்தது. தனிச் சட்டமோ பிறக்கவில்லை.

இலங்கையில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை இறக்குமதியானவை. ஜப்பானில் ஓடிய வண்டிகளும் அவற்றுள் அநேகம். ஆதலால் அங்கே உற்பத்தியாளரின் பிடியைவிடப் பொருளின் பஞ்சமே பெரிய இடையூறு. யுத்தகாலத்துத் தடையினால் பெட்ரோல் அருகிய யாழ்ப்பாணத்தில், சில துளி பெட்ரோலில் இயங்கத் தொடங்கிய பழைய ஆஸ்டின், மொரிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின என்றால், அது கராஜ்காரரின் சாமர்த்தியமே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், 2025-இல் தனியார் கார்களுக்கு வழி திறக்கும்வரை, இருந்த வண்டிகளைக் காத்ததும் அந்தக் கைகளும் கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளுமே. அங்கும் தனிச் சட்டம் இல்லை.

ஆக, இங்கே தீர்ப்பு உண்டு. அங்கே பஞ்சம் வளர்த்த வித்தை உண்டு. ஆயினும் வண்டியின் மூளை கணினியாகிவிட்ட இக்காலத்தில், நிறுவனம் தன் மென்பொருளைத் திறந்துவிடாவிட்டால், செஞ்சி மெக்கானிக்கின் அனுபவமும் யாழ்ப்பாணத்துக் கராஜ்காரரின் கைத்திறனும் ஒருங்கே பயனற்றுப் போகும். பாதுகாப்பைக் காரணங்காட்டி உற்பத்தியாளர் மறுப்பாராயின், அதற்குப் பரிகாரம் பயிற்சியும் தகுதிச் சான்றுமேயன்றி, அறிவைப் பூட்டிவைப்பதன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-இலேயே பழுதறியும் தகவல்களை வெளி மெக்கானிக்குகளுக்கும் வழங்கவேண்டுமெனச் சட்டம் செய்தது. உதிரிப்பாகம், கையேடு, பழுதறியும் கருவி ஆகிய மூன்றையும் நியாயமான விலைக்கு எவருக்கும் தரவேண்டுமென்று இவ்விரு தேசங்களும் காலந்தாழ்த்தாது சட்டமியற்ற வேண்டும்.