அம்பும் மேடையும்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துப் பள்ளி விழாக்களிலும் மீலாது மேடைகளிலும் அண்மைக் காலமாக ஓர் உவமை ஓயாது ஒலிக்கிறது. பின்னுக்கு இழுக்கப்பட்ட அம்பே முன்னே பாயும். ஆகவே துன்பம் உங்களைப் பின்னிழுக்கையில் கலங்காதீர்கள் என்பது அதன் சாரம். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. எனினும் உவமையை உரசிப் பார்ப்பது திறனாய்வாளன் கடன்.

நாணை இழுக்கையில் வில்லாளியின் தோளும் முதுகும் செலவிடும் ஆற்றல் வளைந்த வில்லில் சேர்கிறது; விட்டதும் அம்புக்கு மாறுகிறது. உழைத்தவன் எய்பவன், அம்பன்று. மேடையுரையோ கேட்டிருக்கும் பிள்ளையை அம்பாக்கிவிடுகிறது. இழுப்பவர் யார், எதைக் குறி வைத்தார் என்னும் வினாவே எழுவதில்லை. தேர்வில் தோற்ற மாணவனுக்கு இவ்வுவமையைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அவனுக்குக் கணக்குக் கற்பிக்க ஆளில்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

அரபு மொழி இதில் நுட்பமானது. 'கரளு' என்னும் சொல் அம்பெய்ய நாட்டிய குறியைச் சுட்டும். நோக்கம் என்பதும் அதன் பொருளே. நம் 'குறி'யும் 'குறிக்கோளு'ம் அத்தகைய உறவினவே. ஓர் அம்பின் பொருட்டு மூவர் நற்பேறு அடைவர் என்கிறது ஒரு நபிமொழி: நன்மையை நாடி அதனைச் செய்தவர், எய்தவர், எடுத்துக் கொடுத்தவர். மேடையில் எய்தவருக்கு மட்டுமே மாலை விழுகிறது. செய்தவரையும் கொடுத்தவரையும் யார் கண்டார்?

இன்னொரு குறை இதனினும் பெரிது. அவ்வுவமை துன்ப வேளைக்கே பேசுகிறது. வெற்றி வேளைக்கு அதனிடம் சொல்லே இல்லை. உஹதை நினைவுகூர்க. ஹிஜ்ரி 3, கி.பி. 625. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் 50 வில்லாளிகளை அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) தலைமையில் ஒரு சிறு குன்றின்மீது நிறுத்தினார்கள். வென்றாலும் தோற்றாலும் ஆளனுப்பும்வரை இடம் பெயரலாகாது என்று ஆணையிட்டார்கள். பகைவர் சிதறினர். கீழே பொருள் திரட்டப்படுவதைக் கண்டதும் தலைவர் தடுத்தும் கேளாமல் பெரும்பாலோர் இறங்கினர். அன்று எதிரணியில் இருந்த காலித் இப்னு வலீத் குதிரைப் படையுடன் பின்புறம் வளைத்து வந்தார். எஞ்சி நின்ற சிலரும் தலைவரும் அங்கேயே ஷஹீதாயினர். அவ்வில்லாளிகள் எய்யத் தெரியாதவர்களா? அல்லர். சற்று முன்வரை பகைவரின் குதிரைகளைத் தடுத்து நிறுத்தியவை அவர்களுடைய அம்புகளே. நெருக்கடியில் நிலைத்த கால்கள், வெற்றி தெரிந்த நேரத்தில் பெயர்ந்தன.

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில், ஹிஜ்ரத்துக் காண்டத்தில் உஹதுப் போருக்கென்றே படலம் உண்டு. நம்மூர்ச் சொற்பொழிவாளர் விலாதத்துக் காண்டத்தின் பிறப்புச் சிறப்பையும் அற்புதங்களையும் விரும்பி எடுத்து, இப்படலத்தைக் கடந்து போகின்றனர். கசப்பான பகுதி என்பதனால் போலும்! புலவர் அதனை ஒதுக்கவில்லை. அடுத்த விழாவில் வில்லைப் பற்றிப் பேச எண்ணுவோர் அப்படலத்தைப் படித்துவிட்டு மேடையேறட்டும். மதீனாவில் அந்தக் குன்றுக்கு இன்றும் 'ஜபலுர் ருமாத்' என்றே பெயர்: அம்பெய்வோர் குன்று.