பந்தின் உரிமையும் கடமையும்

ரக்பி ஆட்டத்தின் 'ஸ்க்ரம்' என்னும் கட்டத்தில், இரு பக்கத்து முன்வரிசையினரும் தோளோடு தோள் பிணைந்து குனிந்து நெருக்க, அவர்தம் கால்களுக்கிடையே கிடக்கும் பந்து எப்பக்கம் வெளிப்படும் என்பதை ஒருவராலும் முன்கூட்டி உறுதியாக உரைக்க இயலாது. 1876இல் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் கூடி ரக்பி விதிகளைத் தழுவிய அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள், இந்த நிச்சயமின்மையையும் சேர்த்தே ஏற்றனர்.

நான்கே ஆண்டுகளில் அதைக் களைந்தனர். யேல் கல்லூரியின் வால்டர் காம்ப் 1880இல் கொணர்ந்த விதியின்படி பந்து ஓர் அணிக்கே உரியதாயிற்று. நடுவில் நிற்பவன் அதைக் காலால் பின்னே தள்ள, அங்குக் காத்திருப்பவன் எடுத்து ஆட்டத்தைத் தொடங்கினான். இவ்விதியின் குணம் பெரிது. பந்து தன் வசமே வரும் என்ற உறுதி உள்ளவனுக்கே அடுத்த அடியை யோசித்து வைக்கும் அவகாசம் உண்டு. அமெரிக்கக் கால்பந்தில் யுக்திக்கும் ஒத்திகைக்கும் இடம் பிறந்தது இதனால்தான்.

ஆயினும், உரிமையை வழங்கிய விதி அதற்கு எல்லை வகுக்கவில்லை. மறு ஆண்டே பிரின்ஸ்டனும் யேலும் பொருதபோது, முற்பாதி முழுவதும் ஓர் அணியும் பிற்பாதி முழுவதும் மற்றோர் அணியும் பந்தை விடாது வைத்திருக்க, ஆட்டம் புள்ளி ஏதுமின்றி முடிந்தது. ஆகவே 1882இல், மூன்று முயற்சிகளில் ஐந்து கெஜம் முன்னேறவோ பத்து கெஜம் பின்வாங்கவோ செய்யாத அணி பந்தை இழக்கும் என விதித்து, தூரத்தை அளக்க மைதானமெங்கும் ஐந்து கெஜத்துக்கு ஒரு கோடு கிழித்தனர்.

தேக்கம் நீங்கிற்று, வேறொரு விபரீதம் வளர்ந்தது. ஐந்து கெஜத்தை யுக்தியின்றி உடற்பாரத்தாலேயே ஈட்டலாம் எனக் கண்ட அணிகள் திரண்டு மோதலாயின. 1892இல் ஹார்வர்டு அணி ஆப்பு வடிவில் அணிவகுத்து ஓடிவந்து, எதிரணியின் ஒரே இடத்தைத் தாக்கிற்று. எலும்புகள் முறிந்தன, உயிர்களும் போயின. 1905இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து அறிவுறுத்த நேர்ந்தது. மறு ஆண்டு, ஈட்டவேண்டிய தூரத்தைப் பத்து கெஜமாக்கி, ரக்பி அறவே விலக்கிய முன்னெறிதலையும் அனுமதித்த பின்னரே நெரிசல் தளர வழி பிறந்தது.

காம்ப் ரக்பியிலிருந்து விலகியது பிழையன்று. உரிமையைத் தந்தபோதே அதன் கடமையை அளந்து சொல்லாததுதான் பிழை. அப்பிழையைத் திருத்த இருபத்தாறு ஆண்டுகள் பிடித்தன. அதன் விலையைக் கொடுத்தவர்களோ, விதி வகுத்தவர்களல்லர், மைதானத்தில் இறங்கிய மாணவர்களே.