தாத்தாவுக்குச் சிவப்புப் பொட்டு

அமெரிக்காவில் பழைய ராணுவத் துப்பாக்கி வாங்குவது நம் ஊரில் பழைய புல்லட் வாங்குகிற மாதிரி. வாங்கின கையோடு எதையாவது கழற்றி எதையாவது மாட்டாவிட்டால் ஆசாமிக்குத் தூக்கம் வராது. இங்கே சைலன்சர், அங்கே ரெட் டாட்.

ரஷ்யாவின் மோசின் நகாந்த் துப்பாக்கியைத்தான் சொல்கிறேன். 1891-ல் பிறந்த தாத்தா. 1930-ல் கொஞ்சம் திருத்தினார்கள். இரண்டு உலகப் போர்களையும் பார்த்தது. சுமார் நாலு கிலோ எடை, நாலடிக்கு மேல் நீளம், உள்ளே ஐந்து தோட்டா. 2000-களில் அமெரிக்கக் கடைகளில் நூறு டாலருக்குக் கீழே கிடைத்தது. நூறு டாலர் சமாச்சாரம்தானே என்று ஆளாளுக்கு அறுத்தார்கள், துளை போட்டார்கள், கறுப்பு பிளாஸ்டிக் கட்டையில் பொருத்தினார்கள். மேலே ஒரு சிவப்புப் புள்ளி.

ரெட் டாட் என்றதும் சினிமாவில் வில்லன் நெற்றியில் விழும் லேசரை நினைக்காதீர்கள். இது எதிராளி மேல் விழாது. உள்ளே ஒரு சின்ன விளக்கு, எதிரே பூச்சு பூசின ஒரு கண்ணாடி. விளக்கின் பிம்பம் கண்ணாடியில் பட்டு நம் கண்ணுக்கு மட்டும் திரும்புகிறது. புள்ளி தூரத்தில் மிதப்பதுபோல் தெரியும். அயர்லாந்தில் தொலைநோக்கி செய்துகொண்டிருந்த ஹோவர்ட் க்ரப் 1900-லேயே இந்த யோசனையைச் சொல்லிவிட்டார். எலெக்ட்ரானிக் விளக்கு வைத்து அதைக் கடைக்குக் கொண்டுவர ஸ்வீடன்காரர்களுக்கு 1975 ஆனது.

இது எதற்கு வேண்டியிருக்கிறது? காலேஜில் பி.காம். படித்தபோது என்.சி.சி.யில் பாயிண்ட் டூ டூ துப்பாக்கியால் சுட்டிருக்கிறேன். பின்னால் ஒரு குறி, முனையில் ஒரு முள், அப்புறம் இலக்கு. மூன்றும் நேர்கோட்டில் வர வேண்டும். "முள்ளைப் பாருடா, அட்டையைப் பார்க்காதே!" என்று ஹவில்தார் கத்துவார். பதினெட்டு வயதுக் கண் மூன்றுக்கும் மாறி மாறித் தாவியது. இப்போது நாற்பத்தாறு. பேப்பரைக் கையெட்டும் தூரத்தில் நீட்டிப் பிடித்தால்தான் எழுத்து தெரிகிறது. அந்த முள் இன்றைக்கு எனக்கு வெறும் புகைதான்! ரெட் டாட்டில் இலக்கை மட்டும் பார்த்தால் போதும், புள்ளி தானாக அதன்மேல் உட்காரும். வயசான ஒருத்தர் சனிக்கிழமை பொழுதுபோக்குக்கு இதை மாட்டினால் நான் ஏன் குறுக்கே நிற்கப் போகிறேன்?

மாட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. மோசினின் பின் குறி குழல் மேலேயே ஒரு மேடையில் இருக்கிறது. மேடையிலுள்ள தகட்டையும் ஊசியையும் கழற்றி, அதே இடத்தில் தாங்கியைப் பொருத்தலாம். துளை வேண்டாம். டெலஸ்கோப் என்றால் கண்ணிலிருந்து இத்தனை அங்குலம் என்று கணக்கு உண்டு. ரெட் டாட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஒரு முழம் தள்ளி வைத்தாலும் தெரியும். முன்னால் தள்ளி நிற்பதால் மேலிருந்து ஐந்து தோட்டாக்களைக் கிளிப்போடு ஒரே அழுத்தாக அழுத்துகிற வசதியும் போகாது.

நஷ்டம் இல்லாமலும் இல்லை. கட்டை தாழ்ந்த இரும்புக் குறிக்காகச் செதுக்கப்பட்டது. புள்ளி அதைவிட உயரத்தில் உட்காரும். கன்னத்துக்குப் பதில் தாடையைத்தான் கட்டைமேல் வைக்க முடியும், சுடும்போது வாங்குகிற உதை ஒன்றும் லேசானதல்ல. மலிவுச் சரக்காக வாங்கி மாட்டினால் அந்த உதையில் புள்ளியே இடம் மாறிவிடும். 1939-40 குளிர்காலப் போரில் ஐநூறு பேருக்கு மேல் வீழ்த்தியதாகச் சொல்லப்படும் பின்லாந்தின் சிமோ ஹாய்ஹா, மோசின் குடும்பத்துத் துப்பாக்கியை வெறும் இரும்புக் குறியோடுதான் பிடித்தார். கண்ணாடி வைத்தால் தலையைத் தூக்க வேண்டும், வெயிலில் பளபளக்கும் என்பது அவர் கணக்கு.

என் கோபம் துளை போடுகிறவர்கள் மேல்தான். சோவியத் ராணுவமே துளை போட்டு டெலஸ்கோப் வைக்கவில்லையா என்பார்கள். வைத்தது. தொழிற்சாலையில், போருக்காக, போல்ட்டின் கைப்பிடியையே நீட்டி வளைத்து. அந்தத் துளை துப்பாக்கியின் கதையில் ஒரு பக்கம். கராஜில் டிரில் மெஷினோடு நிற்பவர் அந்தப் பக்கத்தைக் கிழிக்கிறார். குழலில், போல்ட்டில், அடித் தகட்டில் ஒரே எண் பொறித்து வந்த துப்பாக்கிக்கு ஒரு மதிப்பு, துளை விழுந்ததற்கு வேறு மதிப்பு. காமர்ஸ்காரன் கணக்காகச் சொன்னால், நூறு டாலருக்குக் கீழே வாங்கினது இன்றைக்குப் பல நூறு டாலர். 2021-லிருந்து ரஷ்யத் துப்பாக்கிகளைப் புதிதாக இறக்குமதி செய்ய அமெரிக்க அரசு அனுமதி தருவதில்லை. சரக்கு வருகிற வாசல் ஒன்று சாத்தியாகிவிட்டது. துளையை யார் அடைப்பது?

நம் வீட்டுப் பிள்ளையும் இதில் மாட்டியிருக்கிறது. 1962 சீனப் போருக்குப் பிறகு, பழைய த்ரீ நாட் த்ரீயைப் புதிய 7.62 தோட்டாவுக்கு ஏற்றபடி உறுதியான எஃகில் செய்தார்கள், மேற்கு வங்கத்து இஷாப்பூரில். கழித்துக் கட்டப்பட்டவை அமெரிக்கா போய்ச் சேர்ந்தன. அங்கே நிறையப் பேர் குழலை வெட்டிக் குட்டையாக்கி, முன்னால் கண்ணாடி வைத்து, 'ஸ்கவுட்' என்று புதுப் பெயரும் சூட்டிவிட்டார்கள். இங்கே தனி ஆள் அந்த ரகத்தைத் தொடவே சட்டம் விடாது. அங்கே ஹாக்ஸா பிளேடு போதும்.

ஆகவே மாட்டுங்கள் ஐயா, கண் மங்கினவர்கள் தாராளமாக மாட்டுங்கள். கழற்றின தகட்டையும் ஊசியையும் மட்டும் பழைய மாத்திரை டப்பா ஒன்றில் போட்டு, மேலே துப்பாக்கியின் எண்ணை எழுதி ஒட்டிவையுங்கள். பேரனுக்குக் கண் நன்றாகத் தெரியும்.