கொள்ளைக்காரன் என்றொரு சொல்: பிலிப்பைன்ஸ் விடுதலையும் இலெதோவின் வாசிப்பும்

1967 மே 21-ஆம் தேதி மணிலா தெருவில் 33 பேர் செத்துக் கிடந்தார்கள். 'லப்பியாங் மலாயா' அமைப்பைச் சேர்ந்த விவசாயிகள். கையில் அரிவாள், கழுத்தில் தாயத்து. குண்டு துளைக்காது என்று நம்பி, அதிபர் மார்க்கோஸைப் பதவி விலகச் சொல்லிக் கிளம்பியவர்கள். தலைவர் வாலன்டின் தெ லோஸ் ஸாந்தோஸ் எண்பது தாண்டிய கிழவர். அவரை மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், அங்கேயே செத்துப்போனார். படித்த மணிலாவுக்கு அது ஒரு பைத்தியக்காரக் கூட்டம், அவ்வளவுதான்.

ரெய்னால்டோ இலெதோவின் 'பஸ்யோனும் புரட்சியும்' (1979) இந்தச் சம்பவத்தில்தான் தொடங்குகிறது. பைத்தியம் என்று ஒதுக்கிவிட்டால் விஷயம் முடிந்தது. ஆனால் செத்தவர்களுக்குத் தாங்கள் செய்வது அர்த்தமுள்ளதாகத்தானே இருந்திருக்கும்? அந்த அர்த்தம் எங்கேயிருந்து வந்தது என்று கேட்கிறார் இலெதோ. விளிம்புநிலை ஆய்வுகளின் முதல் தொகுதி வந்தது 1982-இல். அதற்கு மூன்றாண்டு முன்னரே வந்த நூல் இது. நம்முடைய விவாதங்களில் இது ஏன் அதிகம் அடிபடவில்லை என்பது தனிக்கதை.

வழக்கமான கதையாடல் நமக்கு ஏற்கனவே பழகினதுதான். ஸ்பெயினுக்குப் போய்ப் படித்த கனவான்களுக்கு அறிவொளி கிடைக்கிறது. ஹோசே ரிஸால் ஸ்பானிய மொழியில் இரண்டு நாவல்கள் எழுதுகிறார் (1887, 1891). கருத்துகள் மேலேயிருந்து கீழே சொட்டுகின்றன. கீழே ஆந்த்ரேஸ் பொனிஃபாஸியோ என்ற கிடங்குக் காவல்காரர் அதைப் பிடித்துக்கொண்டு 1892-இல் கதிபுனான் என்ற ரகசியச் சங்கத்தை நிறுவுகிறார். 1896-இல் புரட்சி வெடிக்கிறது. தேசியவாதிகளும் மார்க்சியர்களும் இந்தக் கதையில் யாருக்கு மாலை போடுவது என்பதில்தான் வேறுபட்டார்கள். கீழே இருப்பவன் ஒரு காலிப் பாத்திரம் என்பதில் இரண்டு பேருக்கும் சண்டையே இல்லை.

இலெதோ அந்தப் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்க்கிறார். கிடைப்பது பஸ்யோன்: கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் தகலோக் மொழிப் பாடல்நூல். 1814-இல் அச்சான வடிவம் கிராமந்தோறும் பரவியது. தவக்காலத்தில் இரவும் பகலுமாக முறைவைத்துப் பாடுவார்கள். எழுத்து தெரியாதவனுக்கும் பாட்டு தெரியும். குடிகளைப் பணிய வைக்கப் பாதிரிமார் கொடுத்த பிரதிதான். ஆனால் அதற்குள் ஒரு தச்சன் மகன் தாயைப் பிரிந்து போகிறான், படிக்காத மீனவர்களைச் சேர்த்துக்கொள்கிறான், ஊர்ப் பெரியவர்களும் அரசும் சேர்ந்து அவனைக் கொல்கிறார்கள். பாடுகிறவன் இதில் யார் பக்கம் நிற்பான்? ஆளுகிறவன் கொடுத்த மதமே ஆளுகிறவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் மொழியாகிப் போகிறது. பூர்வகுடி என்பதால் துறவுச் சபையில் சேர்க்கப்படாத அப்போலினாரியோ தெ லா க்ரூஸ், தன் மக்களுக்கென்றே ஒரு சபை தொடங்கினார். 1841-இல் ஸ்பானியர்கள் அதை நசுக்கி அவரைக் கொன்றார்கள். ரிஸால் பிறக்க அப்போது இன்னும் இருபது வருஷம் இருந்தது.

நூலில் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது 'கலாயான்' என்ற சொல்லைப் பற்றிய பகுதி. இன்று இதற்குச் சுதந்திரம் என்று பொருள். இதைத் தாய் பிள்ளைக்குக் கொடுக்கும் செல்லத்தைக் குறிக்கும் 'லாயாவ்' என்ற சொல்லோடு சேர்த்துப் படிக்கிறார் இலெதோ. அதாவது விடுதலை என்றால் வெறும் ஆட்சி மாற்றம் இல்லை; ஸ்பெயின் என்ற மாற்றாந்தாயிடமிருந்து பெற்ற தாயின் மடிக்குத் திரும்புவது. 1895 புனித வாரத்தில் பொனிஃபாஸியோவும் தோழர்களும் மொந்தல்பான் பக்கத்து மலைக்குகைக்குப் போனார்கள். மக்கள் கதைகளின் அரசன் பெர்னார்டோ கார்ப்பியோ மலைக்குள் சிக்கியிருக்கிறான், வெளியே வந்து விடுதலை தருவான் என்று நம்பப்பட்ட இடம் அது. ரகசியச் சங்கம் கூட்டம் போடுவதற்கு வேறு இடமா இல்லை?

இங்கே எனக்கு இலெதோவோடு கொஞ்சம் பிணக்கும் உண்டு. பொனிஃபாஸியோ வெறும் பஸ்யோன் கேட்டு வளர்ந்தவர் இல்லை; ரிஸாலின் சங்கத்தில் உறுப்பினர், பிரெஞ்சுப் புரட்சி வரலாறு படித்தவர். படித்தவன் உலகம், பாமரன் உலகம் என்று நடுவில் சுவர் எழுப்பினால் அவரை எந்தப் பக்கம் நிறுத்துவது? அப்புறம், இது முழுக்கத் தகலோக் கிறிஸ்தவர்களின் கதை. தெற்கே மிந்தனாவோவிலும் சுலுவிலும் ஸ்பெயினை மூன்று நூற்றாண்டு எதிர்த்துவிட்டு, 1913 வரை அமெரிக்கர்களோடும் மோதிய முஸ்லிம்கள் பஸ்யோன் பாடவில்லை. 'பிலிப்பைன்ஸ் மக்கள் மனம்' என்று ஒற்றையாக யாராவது சொன்னால் அங்கே உஷாராக வேண்டியிருக்கிறது.

ஆனாலும் அந்தச் சுவரை முதலில் கட்டியவர் இலெதோ இல்லை. 1897 மார்ச்சில் தெஹெரோஸ் மாநாட்டில் பொனிஃபாஸியோ உள்துறைக்குத் தேர்வானதும், வக்கீல் பட்டம் இல்லாதவருக்கு அந்தப் பதவி எப்படி என்று ஒரு குரல் கிளம்பியது. மே 10-ஆம் தேதி எமிலியோ அகினால்டோவின் ஆட்களே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஸ்பெயின் இல்லை, புரட்சியின் சொந்த அரசாங்கம்! அதே அகினால்டோ 1898 ஜூன் 12-இல் விடுதலை அறிவித்தார். டிசம்பரில் பாரீஸ் ஒப்பந்தப்படி ஸ்பெயின் நாட்டையே இரண்டு கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் தள்ளிவிட்டது. 1899 பிப்ரவரியில் அடுத்த போர்.

அமெரிக்கர்கள் துப்பாக்கியோடு அகராதியையும் கொண்டுவந்தார்கள். 1902 ஜூலையில் போர் முடிந்ததென்று அறிவித்தார்கள். நவம்பரில் கொள்ளையர் சட்டம் போட்டார்கள். போர்தான் முடிந்துவிட்டதே, இனி மலையில் ஆயுதத்தோடு இருப்பவன் போராளியாக எப்படி இருக்க முடியும்? 1907-இல் கொடியையும் தடை செய்தார்கள். ரிஸாலுக்கு மட்டும் தடையில்லை. அவர் பேரில் மாகாணம், சிலை, விடுமுறை. செத்துப்போன, சீர்திருத்தம் பேசிய, அமெரிக்காவோடு சண்டை போட வாய்ப்பே இல்லாத நாயகன். இதை ரெனாட்டோ கான்ஸ்டன்டினோ 1969-லேயே போட்டு உடைத்தார். 1896 டிசம்பரில் புரட்சியைக் கண்டித்து ரிஸால் எழுதிய அறிக்கையை அவர் முன்னால் வைக்கிறார். சரிதான். ஆனால் ஸ்பானிய அதிகாரிகள் அதை வெளியிடவே விடவில்லை. விடுதலையை இவன் மறுக்கவில்லை, தள்ளித்தான் போடுகிறான் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. மக்களும் கான்ஸ்டன்டினோவைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பனாஹாவ் மலையடியில் ரிஸாலைத் தகலோக் கிறிஸ்துவாகவே வணங்கும் சபைகள் உண்டு. அமெரிக்கா நிறுத்திய சிலை வேறு, அங்கே கும்பிடப்படுகிற ரிஸால் வேறு.

மகாரியோ ஸகாய் பழைய கதிபுனான்காரர், நாட்டுக்கூத்தில் நடித்தவர். நீண்ட தலைமுடியோடு மலையில் தகலோக் குடியரசு நடத்தினார். நீங்கள் இறங்கி வந்தால்தான் நாட்டுக்குச் சட்டசபை கிடைக்கும் என்று தூது போனது. நம்பி 1906-இல் இறங்கி வந்தவரை விருந்துக்கு அழைத்துக் கைது செய்தார்கள். கொள்ளைக்காரன் என்று தீர்ப்பெழுதி 1907 செப்டம்பர் 13-இல் தூக்கிலிட்டார்கள். சொன்னபடியே அக்டோபர் 16-இல் சட்டசபை கூடியது.