மார்த்தாளின் வேலைக்கு என்ன பெயர்?

பெண்கள் ஞாயிறு வந்தால் எங்கள் சபையில் பெரும்பாலும் லூக்கா 10ஆம் அதிகாரம்தான் பிரசங்கம். மார்த்தாள் விருந்து வேலையில் அலைக்கழிகிறாள். மரியாள் இயேசுவின் காலடியில் அமர்ந்து கேட்கிறாள். தங்கை உதவவில்லை என்று மார்த்தாள் முறையிட, இயேசு தங்கையின் பக்கம் நிற்கிறார். என் பெரியம்மா இந்தப் பிரசங்கத்தை முழுதாகக் கேட்டதில்லை. ஆராதனை முடிந்து வருகிறவர்களுக்கு டீ போடப் பாதியில் எழுந்து போய்விடுவார். "என்னைப் பத்திதானே பேசுறாரு, எனக்குத் தெரியாததையா சொல்லப்போறாரு" என்பார்.

மரியாளுக்குக் கிடைத்த இடத்தை நான் குறைத்துப் பேசவில்லை. காலடியில் அமர்வது என்றால் மாணவராவது. பவுல் கமாலியேலிடம் படித்ததும் அந்த வழக்கில்தான் சொல்லப்படுகிறது. ஒரு பெண்ணுக்குக் கல்வி மறுக்கப்படாத கதை இது. என் மாணவிகளுக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். என் சிக்கல் மார்த்தாளைப் பற்றியது, அதிலும் ஒரு சொல்லைப் பற்றியது.

மார்த்தாள் செய்வதைக் குறிக்க லூக்கா எழுதிய கிரேக்கச் சொல் 'தியாகோனியா'. அவரே எழுதிய அப்போஸ்தலர் நடபடிகள் 6இல், விதவைகளுக்கான அன்றாட உணவுப் பகிர்வுக்கும் இதே சொல். அப்போஸ்தலர்கள் வசனம் போதிப்பதற்கும் இதே சொல். நம் வீடுகளில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். ஆண்கள் போதித்தால் அது ஊழியம். மார்த்தாள் செய்தால் அது வேலை. மூலத்தில் ஒரே சொல்லாக இருந்தது தமிழுக்கு வரும்போது கூடத்துக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று எனப் பிரிந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. ரோமர் 16இல் பெபேயாளை ஊழியக்காரி என்றே எழுதியிருக்கிறார்கள். ஆனால் பெபேயாளைப் பற்றிப் பிரசங்கம் கேட்டவர்கள் எத்தனை பேர்?

ஊழியம் என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியினர் கூலியின்றிச் செய்யவேண்டியிருந்த கட்டாய வேலைக்குப் பெயர் ஊழியம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதிலிருந்து விலக்கு வேண்டும் என்று அங்கே கிறிஸ்தவர்கள் கேட்டுப் பெற்றார்கள். கூலியில்லா வேலையின் பெயரே போதகரின் பெருமைக்குரிய பெயராகவும் இருக்கிறது. வீட்டில் கூலியில்லாமல் உழைக்கும் பெண்ணுக்கு மட்டும் அந்தப் பெருமை வந்து சேரவில்லை.

கிறிஸ்தவ இறையியல் வேலையைத் தண்டனை என்று மட்டும் பார்க்கவில்லை. ஆதியாகமத்தில் தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும் பொறுப்பு, பாவம் நுழைவதற்கு முன்பே மனிதருக்குத் தரப்படுகிறது. சாபத்தால் வந்தவை வியர்வையும் முள்ளும் பேறுகால வேதனையும் கணவனின் ஆளுகையும். அந்த ஆளுகையைச் சாபம் என்று படிக்காமல் சட்டம் என்று படித்தவர்களே அதிகம். மார்ட்டின் லூதர் 1522இல் திருமணம் பற்றி எழுதியபோது, குழந்தையின் அழுக்குத் துணியைத் துவைக்கும் தகப்பனைப் பார்த்து ஊர் சிரிக்கும், கடவுளோ மகிழ்ந்து புன்னகைப்பார் என்ற பொருளில் எழுதினார். துறவு மடத்தின் உயர்வை அடுப்படிக்கும் தொட்டிலுக்கும் கொண்டுவந்த துணிச்சல் அது. தாயின் வேலையையும் அவர் உயர்த்தியே பேசுகிறார். இருந்தாலும், துணி துவைத்ததற்காக ஊர் சிரிப்பது தகப்பனைப் பார்த்துத்தான். தாய் துவைத்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நாகர்கோவிலில் 1820களில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த மிஷனரிப் பெண்மணியின் பெயரும் மார்த்தா, மார்த்தா மால்ட். லேஸ் விற்ற காசில் சில பெண்கள் அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. மீட்பு என்ற சொல்லை அவ்வளவு நேரடியான பொருளில் வேறெங்கும் நான் படித்ததில்லை. அந்த வேலைக்குக் கூலி இருந்தது, அந்தக் கூலி அவர்கள் கைக்கு வந்தது.

ஆந்திரத்தின் நரசாபூருக்கும் லேஸ் மிஷனரிகள் வழியாகத்தான் போனது. அங்கே கதை வேறு. மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட ஆய்வில், உலகச் சந்தைக்காக நாள் முழுதும் பின்னிய பெண்கள் 'வீட்டில் சும்மா இருக்கும் இல்லத்தரசிகள்' என்றும், அவர்கள் உழைப்பு ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்றும் கணக்கில் வைக்கப்பட்டதைக் காட்டினார். அந்தப் பெயரை வைத்தே கூலியைக் குறைத்தார்கள். வணிகம் ஆண்கள் கையில் இருந்தது. அதே நூல், அதே ஊசி. வேலைக்கு வைத்த பெயர் மாறியதும் மீட்பு நின்றுபோனது.

அதனால்தான் யோவான் எழுதிய மார்த்தாளிடம் நான் திரும்பத் திரும்பப் போகிறேன். 11ஆம் அதிகாரத்தில், தம்பி இறந்த துக்கத்தோடு ஊருக்கு வெளியே நடந்துபோய், இயேசுவே கிறிஸ்து என்று அறிக்கையிடுகிறவள் அவள். பேதுரு அப்படிச் சொன்னதற்குச் சபைகள் கட்டினோம். அடுத்த அதிகாரத்தில் பெத்தானியாவில் மறுபடி ஒரு விருந்து. மரியாள் தைலம் பூசுகிறாள். அவளை யூதாஸ் குறை சொல்கிறான். மார்த்தாள் பரிமாறுகிறாள். இம்முறை அவள் முறையிடவும் இல்லை, அவளை யாரும் கண்டிக்கவும் இல்லை. கிரேக்கத்தில் அதே வேர்ச்சொல். தமிழில் 'பணிவிடை' என்று போட்டிருக்கிறார்கள்.